பழைய எச்.ஓ. எஞ்சினை டிசிசிக்கு மாற்றியபோது: முதல் வேலை விளக்கில்தான்

மாடல் ரயில் தயாரிக்கும் ஆதர்ன் நிறுவனத்தின் 'புளூ பாக்ஸ்' வரிசையில் வந்த எஸ்டி40-2 டீசல் எஞ்சின் மாடல் ஒன்று என்னிடம் இருக்கிறது. எச்.ஓ. அளவு, அதாவது நிஜ எஞ்சினில் 87-இல் ஒரு பங்கு. இதை டிசிசி என்னும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாற்ற உட்கார்ந்தபோது, டீகோடரை (கன்ட்ரோலரின் கட்டளையை வாங்கி மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு சர்க்யூட்டை) தொடுவதற்கு முன்னால் விளக்கைத்தான் கழற்றினேன். பலரும் அதைக் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

காரணம் இதுதான். பழைய டிசி முறையில் வேகத்தைக் கூட்டினால்தான் தண்டவாளத்தில் வோல்டேஜ் ஏறும். மெதுவாகப் போகும்போது பல்பும் மங்கலாகத்தான் எரியும். டிசிசியில் எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் தண்டவாளத்தில் 14 வோல்ட் அளவுக்கு எப்போதும் இருக்கிறது. விளக்கைப் போட்டால் ஸ்டேஷனில் சும்மா நிற்கும்போதும் பல்பு முழு வீச்சில் எரியும். மேல்கூடோ பிளாஸ்டிக். பக்கத்திலேயே சூடான பல்பு இருந்தால் அது இளகிக் கோணிவிடும். வேறு சில மாடல்களில் வரும் 1.5 வோல்ட் பல்பை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் டீகோடரில் கோத்தால், போட்ட கணமே போய்விடும். அதனால் எல்.இ.டி. என்று முடிவு செய்தேன்.

புளூ பாக்ஸில் உலோக அடிச்சட்டமே ஒரு பக்கத்து தண்டவாளத்தின் மின்சாரத்தைச் சுமக்கிறது. மோட்டாரின் அடிக்கிளிப்பும் பல்பின் ஒரு முனையும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். கிளிப்பின் நீட்டிய முனைகளை வெட்டி, அடியில் கேப்டன் (Kapton) என்னும் மின்காப்பு டேப் ஒட்டி, மீட்டரை வைத்துப் பார்த்தேன். மோட்டாருக்கும் சட்டத்துக்கும் துளியும் தொடர்பு இருக்கக் கூடாது. இதில் அவசரப்பட்டால் டீகோடர் கருகும்.

ஒயர் நிறங்களுக்குப் பொது வழக்கம் உண்டு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு. நீலம் இரண்டு விளக்குக்கும் பொதுவான பாசிட்டிவ். எல்.இ.டி.யின் நீளமான கால் நீலத்துக்கு, குட்டைக் கால் வெள்ளைக்கு. நடுவில் 1,000 ஓம்ஸ் ரெசிஸ்டர். 14 வோல்ட்டில் எல்.இ.டி. எடுக்கும் 3 போனால் மீதி 11. ஆக 11 மில்லி ஆம்பியர் ஓடும். வெளிச்சத்துக்கு அது தாராளம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போடுங்கள். ஒன்றையே இரண்டுக்கும் பகிர்ந்தால், இரண்டும் சேர்ந்து எரியும்போது மங்கிவிடும். சால்டர் வைத்த இடமெல்லாம் ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் காப்புக் குழாய்) போட்டுவிட்டு, 9 வோல்ட் பேட்டரியில் எரிகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே வைத்தேன்.

நிறத்தில்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். எஸ்டி40-2 நிஜத்தில் 1972-இல் வந்த எஞ்சின். அதன் முகப்பு விளக்கு இழை பல்பு, மஞ்சள் கலந்த வெளிச்சம். நீலம் பாய்ந்த வெள்ளை எல்.இ.டி.யைப் போட்டால் அந்தக் காலமே கலைந்துபோகும். 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்குங்கள். 3 மி.மீ. எல்.இ.டி.யின் உருண்டை முனையை மெல்லிய அரத்தால் தட்டையாகத் தேய்த்தேன். அப்போதுதான் விளக்குத் துளைக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்தது. ஒளியும் ஒரே புள்ளியாகக் குவியாமல் துளை முழுக்கப் பரவியது. இன்னொரு விஷயம், பிளாஸ்டிக் மெலிதாக இருப்பதால் கேபினே உள்ளிருந்து ஒளிர ஆரம்பிக்கும். கூட்டின் உட்புறம் இரண்டு பூச்சு கறுப்புப் பெயின்ட் அடித்தபின் அது நின்றது.

அப்புறம் சோதனை. மோட்டார் ஒயர்கள் இடம் மாறியிருந்தால், முன்னே போகச் சொன்னதும் எஞ்சின் பின்னால் போகும், விளக்கு மட்டும் சரியாக முன்னால் எரியும். அதற்கு ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றிப் போடுவதுதான் வழி. டீகோடரின் அமைப்பு எண்களில் ஒன்றான சிவி29-இல் திசையைத் திருப்பினால் விளக்கும் கூடவே திரும்பிவிடும், கோளாறு அப்படியே இருக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் ஒயரைச் சந்தேகிக்க வேண்டாம். கன்ட்ரோலர் 28 வேகப்படியில் பேசுகிறது, டீகோடர் 14 படி என்று எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். சிவி29-க்கு 6 என்று எழுதினால் சரியாகிவிடும்.