பாட்டைக் கேட்டுவிட்டுப் போகலாமா?

ஜனவரி 18, ஞாயிறு

லே மிசராப் மியூசிக்கலுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. பால்கனி, அதுவும் ஓரம். எப்போதாவது நாடகம் பார்க்கிற எனக்கு அதுவே போதும்.

அலுவலகத் தோழி ஒருவர் நாடகப் பைத்தியம். விஷயத்தைச் சொன்னதுமே, "ஆல்பத்தை முழுசா கேட்டுட்டுப் போங்க, இல்லேன்னா பாதி புரியாது" என்றார். 1985-இல் லண்டனில் ஆங்கிலத்தில் அரங்கேறியதிலிருந்தே இதில் பேச்சு வசனம் அநேகமாகக் கிடையாது. எல்லாமே பாட்டு. ஒரு வரியைத் தவறவிட்டால் கதையின் நூல் அறுந்துவிடும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான், ஆனால் மனசு ஒப்பவில்லை.

ஜனவரி 22, வியாழன்

கதைச் சுருக்கம் மட்டும் படித்தேன். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்தால் போதும். ஆல்பத்தைத் தொடவில்லை.

ஜனவரி 31, சனி

இப்போதுதான் வீடு திரும்பினேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நுழையும்போதே ஓர் அறிவிப்பு: எப்போனின் என்ற பாத்திரத்தில் இன்று மாற்று நடிகை. பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். இந்த உச்சுக்கொட்டல் எனக்குப் புரிவதே இல்லை. தினமும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிக்கொண்டே இன்னொருவரின் வேடத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் இந்த மாற்று நடிகை. அவர் முன்னே வந்ததும், கூட்டத்தில் அவர் விட்ட இடத்தை நிரப்ப ஸ்விங் என்கிற இன்னொருவர் வருவார். அந்த ஸ்விங்குக்கு இப்படிப் பல பேருடைய இடங்கள் அத்துப்படியாக இருக்க வேண்டும்.

முதல் பாதியில் ஃபான்டீன் சாகிறாள். எதிரில் இல்லாத குழந்தையைப் பக்கத்தில் வா என்று அழைத்துப் பாடுகிற மெட்டு. அழகாக இருந்தது, ஆனால் அதற்குள் கதை தடதடவென்று ஓடிவிட்டது. இரண்டாம் பாதியில் எப்போனின் தெருவில் தனியாக நின்று, கிடைக்காத காதலனை நினைத்துப் பாடத் தொடங்கினாள். இதை எங்கே கேட்டோம்? நாலு வரி போவதற்குள் பிடிபட்டுவிட்டது: செத்துப்போனவளின் அதே மெட்டு! இவளும் பக்கத்தில் இல்லாத ஒருவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள். உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஓர இருக்கையில் வேறொரு லாபமும் உண்டு. இசைக்குழுவின் பள்ளம் நன்றாகத் தெரிந்தது. பால்கனியின் முகப்பில் மாட்டியிருக்கும் சின்னத் திரையில் நடத்துநரைப் பார்த்துத்தான் மேடையில் பாடுகிறார்கள். எப்போனினாக நடித்த பெண் தன் பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் சட்டென்று நிறுத்தி மூச்சு வாங்கினார். நடத்துநரின் கோல் அந்தரத்தில் நின்றது. அவர் வாய் திறந்த பிறகுதான் இறங்கியது. அத்தனை வாத்தியங்களும் ஒருத்தியின் மூச்சுக்காகக் காத்திருந்தன.

முடிவில் கதாநாயகன் சாகும் தறுவாயில் அந்த மெட்டு மறுபடி வருகிறது. மேடையில் அதுவரை சந்தித்தே இராத ஃபான்டீனும் எப்போனினும் சேர்ந்து நின்று அவனை அழைக்கிறார்கள். அப்புறம் எங்கே கண்ணைத் துடைக்காமல் இருப்பது.

பிப்ரவரி 2, திங்கள்

தோழியிடம் சொன்னேன். "அதுக்குத்தானே கேட்டுட்டுப் போகச் சொன்னேன்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களுக்கு எப்போனினின் பாட்டுத்தான் முதலில் மனசில் பதியும், புகழ்பெற்றது அதுதானே. பிறகு அரங்கில் ஃபான்டீன் சாகும்போது, "அட, அந்தப் பாட்டு" என்று தோன்றும். வரிசையே தலைகீழாகிவிடுகிறது. புதிதாக வருகிறவரை நம்பித்தான் இசையமைப்பாளர் முதல் பாதியில் விதைத்து இரண்டாம் பாதியில் அறுக்கிறார்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தேன். 2015-இல் வந்த ஹாமில்டன் மியூசிக்கலுக்குப் போவதாக இருந்தால் கேட்டுவிட்டே போவேன். ராப் பாட்டு அந்த வேகத்தில் கொட்டும்போது, வெறுங்காதோடு உட்கார்ந்தால் பாதி தரையில்தான் போகும்.

பிப்ரவரி 14, சனி

சின்ன அரங்கில் வசன நாடகம். மைக் இல்லை. முன்வரிசையில் இருந்ததால் நடிகர்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒட்டியிருந்த டேப் துண்டுகள்கூடத் தெரிந்தன. நாடகம் சுமார். ஆனால் ஒரு காட்சியில் செட்டின் கதவு திறக்க மறுத்துவிட்டது. கோபமாக வெளியேற வேண்டிய கணவர் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், பிறகு அதே கோபத்தோடு ஜன்னல் வழியாக இறங்கிப் போனார். அன்றைக்கு அதிகக் கைதட்டல் அதற்குத்தான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அடுத்து தி மவுஸ்ட்ராப் பார்க்க ஆசை. கொரோனாவுக்காக மூடிய காலம் போக, 1952-இலிருந்து லண்டனில் ஓடிக்கொண்டே இருக்கிற கொலை மர்ம நாடகம். கொலையாளி யார் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். இதைத் தோழியிடம் சொல்லி வாய் மூடவில்லை, "அதுவா, அதுல கொன்னது..." என்று ஆரம்பித்தார். காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடிவந்துவிட்டேன். டிக்கெட் கிடைக்கிறவரை மதியச் சாப்பாடு வேறு மேஜையில்தான்.