வீட்டு அப்ரைசலில் இனப் பாகுபாடு: அறிக்கையில் எங்கே பார்ப்பது

கலிஃபோர்னியாவின் மரின் சிட்டியில் 2020இல் ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டுக்கு அப்ரைசலில், அதாவது கடனுக்கான விலை மதிப்பீட்டில், வந்த மதிப்பு 9,95,000 டாலர். சில வாரங்கள் கழித்து, குடும்பப் படங்களைக் கழற்றிவிட்டு, வெள்ளையினத் தோழியை வீட்டுக்காரர்போல நிற்கவைத்தார்கள். அதே வீட்டுக்கு 14,82,500 வந்தது என்பது அவர்கள் தொடுத்த வழக்கு.

கேட்டால் மனம் கொதிக்கிறது. ஆனால் இரண்டு எண்களின் வித்தியாசத்தை வைத்து மட்டும் வாதாடினால், "மதிப்பிட்ட அப்ரைசர் வேறு, தேதி வேறு" என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். பிடி கிடைப்பது அப்ரைசர் எழுதும் அறிக்கைக்குள்தான்.

அடமானக் கடனுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் 1004 என்ற அறிக்கைப் படிவத்தில், அக்கம்பக்கம் பற்றிய பகுதியிலேயே 'இனமும் அப்பகுதியின் இனக்கலவையும் மதிப்பீட்டுக் காரணிகள் அல்ல' என்று அச்சிட்டிருக்கும். ஆகவே யாரும் இனத்தை எழுத மாட்டார்கள். அது 'காம்ப்' தேர்வில், அதாவது ஒப்பிட எடுத்த வீடுகளில், ஒளிந்திருக்கும். குறைந்தது மூன்று விற்பனைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டிலிருந்து தூரம், விற்ற தேதி, சதுர அடி மூன்றையும் பாருங்கள். அரை மைலுக்குள் சமீபத்தில் விற்ற ஒத்த வீட்டை விட்டுவிட்டு, இரண்டு மைல் தள்ளி இன்னொரு கறுப்பினப் பகுதிக்கு ஓடியிருந்தால், ஏன் என்ற விளக்கம் அறிக்கையில் இருக்க வேண்டும். 1930களில் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கடன் மறுத்த கறுப்பினப் பகுதிகளில் விலை அமுங்கியே கிடந்தது. அங்கிருந்தே காம்ப் எடுத்தால் பழைய அநியாயம் இன்றைய விலையாகிவிடுகிறது.

அடுத்தது சரிக்கட்டல், அதாவது காம்ப்புக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்காக காம்ப்பின் விலையில் கூட்டிக் கழிப்பது. 200 சதுர அடி வித்தியாசத்துக்கு ஒரு காம்ப்பில் அடிக்கு 60 டாலர் வீதம் 12,000 கூட்டி, இன்னொன்றில் 100 வீதம் 20,000 கழித்திருந்தால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்கிறது. அதற்கும் விளக்கம் கேளுங்கள். படுக்கையறை எண்ணிக்கை, புதுப்பித்த சமையலறை விட்டுப்போனதா என்பதையும் சரிபாருங்கள். சாதாரணமாக நடக்கும் பிழை இதுதான், திருத்தவும் எளிது.

அறிக்கையின் நகலைக் கடன் கைச்சாத்துக்கு மூன்று வேலைநாள் முன்பாவது லெண்டர், அதாவது கடன் கொடுக்கும் நிறுவனம், தந்தாக வேண்டும், அது சட்டம். மதிப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் மனுவை லெண்டரிடம் கொடுங்கள், அப்ரைசரை நேரே அழைக்காதீர்கள். லெண்டர்களிடமிருந்து அடமானக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களுக்குப் போகும் கடன்களில் ஒரு அப்ரைசலுக்கு ஒரே மனு, ஐந்து காம்ப் வரை, கைச்சாத்துக்கு முன்பு. ஒரே வாய்ப்பு என்பதால் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். மதிப்பீட்டுத் தேதிக்கு முன்பே விற்று முடிந்த வீடுகளாகத் தேர்ந்து, முகவரி, விற்ற தேதி, விலை, சதுர அடியோடு, உங்கள் வீட்டோடு ஒத்துப்போகும் காரணத்தையும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். கோபத்தை அந்தக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். பாகுபாடு என்று சந்தேகித்தால் அதைத் தனிப் பத்தியாக, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி கூட்டாட்சி வீட்டுவசதித் துறையில் புகார் செய்ய ஓராண்டு, நீதிமன்றம் போக இரண்டாண்டு. மாநில அப்ரைசர் வாரியத்துக்கும் தனியாக எழுதலாம். அப்ரைசர் வந்துபோன நாள், நேரம், என்ன கேட்டார், எந்த அறைக்குள் போகவே இல்லை என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள்.