மரபணு அறிக்கை கைக்கு வந்த பிறகு

கதவுச் சட்டம் நடுவில் வளைந்திருப்பதாக அம்மா சொன்னபோது நாங்கள் தச்சரைத்தான் நினைத்தோம். வளைந்திருந்தது சட்டமல்ல, விழித்திரையின் நடுப்பகுதி கெடும் வயது சார்ந்த மாக்குலாச் சிதைவால் அவர் பார்வை என்பது பிறகுதான் தெரிந்தது. ஐம்பத்தெட்டாவது வயதில் நானும் பரிசோதித்துக்கொண்டேன். கண்ணின் உள் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் படத்தில், விழித்திரைக்கு அடியில் சின்னச் சின்ன மேடுகளாகத் தெரிந்த ட்ரூசன் படிவுகளைக் காட்டி, நோய் இடைநிலையில் இருப்பதாக மருத்துவர் சொன்னார்.

மரபணுப் பரிசோதனையைக் கேட்டது நான்தான், அவர் பரிந்துரைக்கவில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து மாதிரி எடுத்தார்கள். சில வாரங்களில் வந்த அறிக்கையில் இரண்டு பெயர்கள் தடித்த எழுத்தில் இருந்தன: சிஎஃப்எச், ஏஆர்எம்எஸ்2. முதலாவது, நோய் எதிர்ப்பு அமைப்பின் ஒரு பகுதியான காம்ப்ளிமென்ட் புரதங்களுக்குத் தடை போடும் மரபணு. அதன் ஒரு மாற்றத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2005இல் வெளியானது. மற்றொன்று பத்தாவது குரோமோசோமில் இருக்கிறது; அதில் ஆபத்து மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் எனக்கு வந்திருந்தது. பல மடங்கு அதிக ஆபத்து என்ற வரியைப் படித்ததும், பார்வை போய்விடும் என்றே நான் பொருள் கொண்டேன்.

அது தவறு என்று மரபணு ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். இந்த மாற்றங்களைச் சுமப்பவர்களில் பலருக்கு நோய் முற்றுவதேயில்லை. மடங்குக் கணக்கு பிறரோடு ஒப்பிட்ட ஆபத்தைச் சொல்லுமே தவிர, எனக்கு நிச்சயம் நடக்கப்போவதைச் சொல்லாது. பிறகு, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டேன் என்றேன். அறிக்கையின் ஓரத்தில் அதைக் குறித்து இருமுறை அடிக்கோடிட்டார். மரபணுக்களுக்கு அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை.

அந்தக் கோடுகளுக்குக் காரணம் மாத்திரை எழுதும்போது புரிந்தது. நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தத் தரும் ஊட்டச்சத்து மாத்திரையின் பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டின், புகைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டக்கூடியது என்பதால், 2013இல் முடிவுகள் வெளியான, அந்த மாத்திரை குறித்த இரண்டாம் ஆய்வின்படி, அதற்குப் பதில் லூட்டினும் ஸியாக்சாந்தினும் கொண்ட கலவையை மருத்துவர் எழுதினார். அதையும் என் ட்ரூசனின் நிலையைப் பார்த்தே கொடுத்தார். மரபணு அறிக்கையைப் புரட்டக்கூட இல்லை. பரிசோதனைக்கு நான் காட்டிய அவசரத்தை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது தினமும் காலையில் படிப்புக் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி, பார்வையில் வளைவு வந்தால் காட்டிக்கொடுக்கும் கோட்டுச் சதுரமான ஆம்ஸ்லர் கட்டத்தின் நடுப்புள்ளியைப் பார்க்கிறேன். இதுவரை கோடுகள் நேராகவே இருக்கின்றன. இடக்கண்ணுக்கு மட்டும் இரண்டாம் முறையும் பார்த்துக்கொள்கிறேன்.