அண்ணன் உடையான்

என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். அவர் தொப்பி பேட்ஜில் ஒரு யானை இருக்கும், சின்ன வயதில் அதைத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் வேலை. "அசாயே யானைடா" என்பார். அசாயே என்றால் ஊரா, ஆளா என்று நான் அப்போது கேட்டதே இல்லை.

போன ஞாயிறு செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் வெல்லெஸ்லி ஹவுஸ் பக்கம் நின்றபோதுதான் தாத்தா ஞாபகம் வந்தது. அந்தக் கட்டிடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆர்தர் வெல்லெஸ்லி, அயர்லாந்தின் மார்னிங்டன் பிரபுவுக்கு 1769-இல் பிறந்த இளைய மகன்களில் ஒருவர். பட்டமும் நிலமும் மூத்தவர் ரிச்சர்டுக்குப் போய்விட்டன. இளையவர்களுக்கு பட்டாளம், சர்ச், வக்கீல் தொழில் என்று எதையாவது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆர்தரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்த பையன். 1787-இல் அண்ணன் சிபாரிசில் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவியைக் காசு கொடுத்தே வாங்கலாம். 1793-இல், 24 வயதில், அண்ணனிடம் கடன் வாங்கி 33-ஆவது ரெஜிமெண்டில் லெப்டினன்ட் கர்னல் ஆனார். அதே சமயம் அவர் விரும்பிய பெண்ணின் வீட்டில், இவனுக்கு என்ன எதிர்காலம் என்று மறுத்துவிட்டார்கள். வயலினைத் தூக்கி நெருப்பில் போட்டார், அதற்கப்புறம் வாசிக்கவே இல்லை.

1797-இல் கல்கத்தா, அடுத்த வருஷம் மெட்ராஸ். அதற்குள் ரிச்சர்டு கவர்னர் ஜெனரலாகிவிட்டார். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், இங்கே அண்ணன் உடையானுக்கு அந்த யோகம்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் டேவிட் பேர்டு என்ற இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரியின் கதை. 1780-இல் நம் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் மைசூர்ப் படையோடு நடந்த போரில் காயத்தோடு பிடிபட்டு, மைசூர் அரசின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் மூன்றரை வருஷத்துக்கு மேல் கிடந்த மனிதர். 1799 மே 4 அன்று, திப்பு சுல்தானிடமிருந்து அதே கோட்டையைப் பிடிக்க முன்னால் நின்று ஏறியவரும் அவர்தான். ஆர்தர் அன்று பின்னால் ரிசர்வ் படையோடு இருந்தார். ஒரு மாதம் முன்பு ஒரு தோப்பில் ராத்திரித் தாக்குதலுக்குப் போய், இருட்டில் வழி தவறி, தோற்றுத் திரும்பியவர். ஆனால் கோட்டைப் பொறுப்பு ஆர்தருக்கே போனது. பேர்டு கடைசிவரை அதை மறக்கவில்லை, நானாக இருந்தாலும் மறந்திருக்க மாட்டேன்.

அதே சமயம் ஆர்தரை வெறும் அண்ணன் தயவு என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அந்த ராத்திரித் தோல்விக்குப் பிறகு, பகலில் இடத்தைப் பார்க்காமல் எதிரி தயாராக இருக்கும் இடத்தை இருட்டில் தாக்குவதில்லை என்று முடிவெடுத்தார். மாடு, அரிசி, வண்டிப் பாதை, தானியம் கொண்டுவரும் லம்பாடி வியாபாரிகள் என்று படையின் வயிற்றைப் பற்றி யோசிக்க மைசூரில்தான் பழகினார். 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் அசாயே என்ற ஊரில் எதிரே நின்ற மராட்டியப் படை இவருடையதைப் போலப் பல மடங்கு. கைத்னா ஆற்றைக் கடக்க வழியே இல்லை என்றார்கள் வழிகாட்டிகள். இக்கரையில் ஒரு கிராமமும் நேர் எதிரே அக்கரையில் இன்னொரு கிராமமும் தெரிந்ததும், நடுவில் இறங்கிக் கடக்கும் துறை இல்லாமல் இரண்டு ஊர் இப்படி எதிரெதிரே இருக்காது என்று நினைத்துப் படையை அங்கே நடத்தினார். துறை இருந்தது! சுமார் 7,000 பேரில் 1,500-க்கும் அதிகமானோர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். அதில் மெட்ராஸ் சிப்பாய்கள் ஏராளம், யாருக்கும் அண்ணன் கவர்னர் ஜெனரல் இல்லை. அவர்களின் பட்டாளங்களுக்குக் கிடைத்த மரியாதைதான் அந்த யானை.

ஆர்தர் 1805-இல் ஊருக்குக் கிளம்பினார். ஒரு காலத்தில் மறுத்த குடும்பமே அடுத்த வருஷம் பெண் கொடுத்தது. அப்புறம் வெலிங்டன் பிரபு ஆனதும், 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

குன்னூர் பக்கத்து வெலிங்டன் அவர் பேரில் அமைந்த ஊர். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது, தாத்தா பயிற்சி எடுத்ததும் அங்கேதான். பேட்ஜ் இப்போது அப்பாவின் பீரோவில் இருக்கிறது. அடுத்த மாதம் அதையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போகப்போகிறேன்.