சின்னதாகப் போட்ட படம்

அவள் 'சரி' என்றாள். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

வகுப்புக்கு முதல் நாள் வந்து கேட்டாள்: "நாளைக்கு சாரா பார்ட்மன் படத்தைக் காட்டித்தான் ஆகணுமா?" அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் கறுப்பினப் பெண். 1810இல் லண்டன் பிக்காடில்லியில் இரண்டு ஷில்லிங் வாங்கிக்கொண்டு தென்னாப்பிரிக்கப் பெண்ணான பார்ட்மனின் உடம்பைக் காட்சிக்கு வைத்தார்கள். அந்தக் காலத்தில் அச்சடித்து விற்ற கேலிப்படம் அது. இனத்தையும் பெண்மையையும் சேர்த்து ஒரே உடம்பில் எப்படி ஏற்றினார்கள் என்று காட்ட, அதைவிட நேரடியான சான்று என்னிடம் இல்லை. "சின்னதாகப் போடுகிறேன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள்.

மறுநாள் ஸ்லைடின் மூலையில் தபால்தலை அளவுக்குப் போட்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "தெரியவில்லை" என்றான்.

நான் பெரிதாக்கினேன்.

இருபது வருஷமாக யார் 'தெரியவில்லை' என்றாலும் பெரிதாக்கித்தான் பழக்கம். கை தானாகப் போனது என்று சொல்லலாம். ஆனால் படம் திரையில் விரிந்ததும் நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அப்படியென்றால் ஏதோ தெரிந்துதானே இருந்திருக்கிறது?

அப்புறம் வழக்கைப் பற்றி நடத்தினேன். அந்தக் காட்சியை எதிர்த்து, அடிமைமுறையை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். பார்ட்மனை டச்சு மொழியில் சுமார் மூன்று மணி நேரம் விசாரித்தார்கள். விருப்பத்தோடுதான் வந்ததாக அவர் சொன்னார் என்று பதிவு. வழக்கு தள்ளுபடி. அந்தச் சம்மதத்துக்கு என்ன பொருள் என்று கேட்டேன். நல்ல விவாதம் நடந்தது. அவள் மட்டும் பேசவில்லை. கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்பது ரயிலில் போகும்போதுதான் உறைத்தது.

படமே இல்லாமல் நடத்தலாம்தான். 1815இல் பாரிஸில் இறந்தவரை அறுத்து, வார்ப்பு எடுத்து, எலும்புக்கூட்டை 1970கள் வரை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள்; தென்னாப்பிரிக்காவில் அடக்கம் நடந்ததே 2002இல்தான். இதைச் சொல்லக் கேட்டாலே போதாதா? போதும் என்று நினைத்து, போன வருஷம் படத்தை எடுத்துவிட்டேன். வகுப்பு சப்பென்று போனது. பாதிப் பேர் மேசைக்கடியில் போனை வைத்து அந்தப் படத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பருவக் கட்டுரையை வேறு தலைப்பில் எழுதினாள். 71 போட்டேன். முதல் தடவை படித்தபோது பென்சிலில் குறித்திருந்தது 68.