41-ஆ, 38-ஆ? லைன் ஜட்ஜ் ஆவதற்குள் நான் பட்ட பாடு

ஒஹாயோவில் ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு நடுவராக (சைட்லைன் எனும் ஓரக்கோட்டில் நிற்கும் லைன் ஜட்ஜாக) வரப் பதிவு செய்தது, ஆன்லைன் தேர்வு, வரிபோட்ட சட்டை வாங்கியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வினையே ஃபார்வர்ட் ப்ராக்ரஸில்தான், அதாவது பந்தோடு வீரன் எதுவரை முன்னேறினான் என்று முடிவுசெய்வதில்தான்.

பயிற்சி முகாமில் ரன் ப்ளேக்களுக்கு (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது) வீடியோ வீடியோவாகப் போட்டார்கள். அந்தரத்தில் பாஸ் பிடிக்கும் ரிசீவரைப் பின்னுக்குத் தள்ளினால் ஸ்பாட், அதாவது பந்தை வைக்க வேண்டிய இடம், எங்கே என்று கேட்டேன். "எல்லாம் அதே மாதிரிதான்" என்று முடித்துவிட்டார் பயிற்சியாளர்.

பிறகு ஒரு ஸ்க்ரிம்மேஜ், அதாவது பயிற்சி ஆட்டம். தேர்ட் டவுன், அதாவது நான்கு முயற்சிகளில் மூன்றாவது. 40 யார்டு கோட்டைத் தொட்டால் ஃபர்ஸ்ட் டவுன், மறுபடி நான்கு முயற்சிகள் (இங்கே எண் ஏறுவதுதான் முன்னேற்றம்). ரிசீவர் 41-இல் எம்பி, பந்தை வீசிய குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடி பந்தைப் பிடித்தான். கால் தரையில் படுவதற்குள் எதிரணியின் கார்னர்பேக் முதுகில் மோத, 38-இல் வந்து விழுந்தான். பந்து கையை விட்டு நழுவவில்லை. அதுதான் ஸ்பாட் என்று நான் 41-இல் கால் ஊன்றி நின்றேன், ஃபர்ஸ்ட் டவுன் தூரத்தை அளக்கும் செயின் நகர்ந்தது. அன்று வந்த மதிப்பீட்டுத் தாளில், "கால் பட்டது 38-இல், ஸ்பாட் 3 யார்டு தவறு" என்றிருந்தது. அந்த ஒரு வரியால் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களுக்கான பட்டியலில் என் பெயர் ஏறவில்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

போனில் கேட்டால், "தரையில் கால் பட்டால்தானே சார் கேட்ச்?" என்கிறார் மதிப்பீட்டாளர். கேட்ச் ஆனதா என்பது தரையில் முடிவாகிறது, சரி. ஆனால் ஸ்பாட் அங்கே இல்லை. அமெரிக்க ஹைஸ்கூல் ஆட்டங்களுக்கு விதி வகுக்கும் என்எஃப்எச்எஸ் அமைப்பின் விதிநூலில், வரையறைகள் வரும் 2-ஆம் விதியிலேயே இருக்கிறது: அந்தரத்தில் பிடித்தவன் மீது எதிரணி வீரர் மோதினால், பந்து கைவசமான பிறகு அவன் எட்டிய மிக முன்னான இடம்தான் ஃபார்வர்ட் ப்ராக்ரஸ். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, ஆட்ட வீடியோவோடு சேர்த்துப் பயிற்சிப் பொறுப்பாளருக்கே அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். கடைசியில் திருத்திய தாளும் வந்தது, பட்டியலில் பெயரும் வந்தது!

புதிதாக வருகிறவர்கள் எதையும் எழுத்தில் கேளுங்கள். போன் பேச்சு கணக்கில் வராது. களத்தில், பந்து கைவசமான இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, கண்ணை ரிசீவர் மேலேயே வையுங்கள். விழும்போது பந்து நழுவினால் அது இன்கம்ப்ளீட், கேட்சே இல்லை. குறித்த இடத்துக்கு வேலையே இல்லை. அதனால் விசிலுக்கு அவசரப்படாதீர்கள். குறிக்க வேண்டியது பந்தின் முன்முனையை, வீரனின் காலை அல்ல. யாரும் தள்ளாமல் அவனாகவே பின்னால் ஓடிப் பிடிபட்டால், பிடிபட்ட இடம்தான் ஸ்பாட்.

இன்னொன்று, கடிகாரம். களத்துக்குள் கேட்சை முடித்தவனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே சைட்லைனுக்கு வெளியே கொண்டுபோனால், ப்ராக்ரஸ் உள்ளேயே நின்றுவிட்டது. கடிகாரம் ஓட வேண்டும். வெளியே போனதாக எடுத்தால் கடிகாரம் நிற்கும் என்பதால், பக்கத்தில் நிற்கும் கோச் "வெளியே! வெளியே!" என்று கத்துவார். கையைச் சுழற்றிக் கடிகாரத்தை ஓடவிடுங்கள்.