அல்முசாஃபெஸில் பத்து மணிச் சாப்பாடு

ஸ்பெயினின் வலென்சியாவுக்குக் குடிவரும் நம்மவர்களுக்கு வீடு பார்ப்பது, நகராட்சியில் பதிவு செய்வது, ஸ்பானிஷ் வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் யோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். காலைப் பத்து மணிச் சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், வந்த முதல் வாரமே பழகிக்கொள்ள வேண்டியது அதுதான்.

நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, அதே தொழிலில் இங்கே வந்தவன். வலென்சியாவுக்குத் தெற்கே அல்முசாஃபெஸ் என்ற ஊரில் 1976இல் திறந்த ஃபோர்டு ஆலை இருக்கிறது. அதை ஒட்டிய தொழிற்பேட்டையில்தான் எனக்கு வேலை. அந்த ஆலை ஃபியஸ்டா காரோடு தொடங்கியது. அதே பெயரில் ஒரு கார் பிற்பாடு மறைமலை நகரிலும் தயாரானது. மொழி வராத நாட்களில் அந்த ஒரு பெயரை வைத்துத்தான் கூட வேலை பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சே ஆரம்பித்தது. பேச்சு நடந்த இடம், எதிரே இருந்த பார்.

பார் என்றால் நம் ஊரில் நினைப்பது வேறு. இங்கே அது பாட்டி, பேரன், போலீஸ்காரர், லாரி ஓட்டுநர் என்று எல்லோரும் வந்து போகும் சாப்பாட்டுக் கடை. ஆறு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை என்றால் குறைந்தது 15 நிமிட இடைவேளை தர வேண்டும் என்பது ஸ்பெயினின் தொழிலாளர் சட்டம். பேச்சுவழக்கில் அதைப் பொகாடியோ இடைவேளை என்பார்கள். பொகாடியோ என்பது நீள ரொட்டியைக் கீறி, உள்ளே ஏதாவது வைத்துத் தரும் சாண்ட்விச். கையில் பிடித்துக்கொண்டே நடந்து முடித்துவிடலாம்தான். ஆனால் வலென்சியாக்காரர்கள் அதற்காக மேசை போட்டு உட்காருகிறார்கள். எஸ்மொர்சாரெட் என்று அதற்குச் செல்லமாகப் பெயரும் வைத்திருக்கிறார்கள்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டில் ஓட்டோடு வறுத்த நிலக்கடலையும் இன்னொரு தட்டில் ஆலிவும் வரும். கடலை இந்தப் பகுதியிலேயே விளைந்த காக்காவு தெல் கொல்யாரெட் ரகமாக இருந்தால் கடைக்காரர் அதைத் தனியாகச் சொல்வார். திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டைக் காட்டில் வளர்ந்தவன் நான். அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்குப் பாதி அந்நியம் போய்விட்டது. ஓட்டை மேசை மேலேயே உடைத்துக் குவிக்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. கூடவே குடிக்க ஒன்று. பியரோ, சோடா கலந்த ஒயினோ காலையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் கேட்டாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அப்புறம் சாண்ட்விச். அது முடிந்ததும் காப்பி. ரம்மில் சர்க்கரை, எலுமிச்சைத் தோல், பட்டை, காப்பிக்கொட்டை போட்டுக் கொளுத்தி, அதன் மேல் காப்பி ஊற்றித் தருவது கிரெமயெட். மது வேண்டாதவர்களுக்குப் பொம்போன் இருக்கிறது: சின்னக் கண்ணாடி டம்ளரில் அடியில் கண்டென்ஸ்டு மில்க், மேலே கெட்டிக் காப்பி. நான் பொம்போன் கட்சி.

பத்து மணிக்கு இவ்வளவு பெரிய சாப்பாடு எதற்கு என்று எனக்கும் தோன்றியது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான் என்பது பழகியதும் புரிந்துவிட்டது. அதற்குப் பின்னால் கடிகாரத்தின் கதையும் இருக்கிறது. வலென்சியா கிட்டத்தட்ட கிரீன்விச் தீர்க்கரேகையிலேயே இருக்கும் ஊர். ஆனால் 1940இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரமும் கூடுவதால் சூரியன் உச்சிக்கு வரவே இரண்டு மணி ஆகிவிடும். கடிகாரம் மாறுவதற்கு முன்பே, விடியலில் தோட்டத்துக்குப் போன விவசாயிகள் பாதி வேலை முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் இது. அவர்களிடமிருந்துதான் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வந்திருக்கிறது.

நம்மவர்களுக்குச் சிக்கல் இறைச்சியில்தான். நான் மாட்டிறைச்சியும் பன்றியும் சாப்பிடுவதில்லை. என் மனைவி முட்டையோடு சரி. பலகையில் எழுதியிருப்பதில் முக்கால்வாசி எங்களுக்கு ஆகாது. சிவீட்டோ என்றால் பன்றி, பேக்கன், பொரித்த முட்டை, சீஸ். பிரஸ்காடாவில் மாட்டிறைச்சியும், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான ஹமோனும். பூண்டுத்தாள் போட்டு வதக்கிய குதிரை இறைச்சி கூட இங்கே பேர்போன சாண்ட்விச்தான். நான் வேலை பார்க்கும் ஊரின் பெயரையே வைத்துக்கொண்ட அல்முசாஃபெஸ் சாண்ட்விச்சில் சீஸும் வதக்கிய வெங்காயமும் சொப்ரசாதாவும் இருக்கும். சொப்ரசாதா பன்றியிறைச்சியில் செய்யும் சிவப்பு விழுது, அதனால் அதையும் நான் தொட்டதில்லை. “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது. சில கடைகளில் ஹமோனையும் அத்தூன் எனும் டூனா மீனையும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே “ஹமோன் வேண்டாம், அத்தூன் வேண்டாம்” என்று பெயர் பெயராகச் சொல்லிவிடுங்கள். லோமோ, லொங்கனீசா, பன்செத்தா எல்லாம் பன்றி. தெர்னேரா மாடு. மீன் சாப்பிடுபவர்களுக்குக் கணவாய் சாண்ட்விச் இருக்கிறது. அதைப் போல ருசியானது இந்த ஊரில் வேறில்லை என்பது என் கட்சி. சைவத்தில் முட்டை சேர்த்துக்கொள்பவர்கள் எந்தக் கடைக்கும் நம்பிப் போகலாம், உருளைக்கிழங்கு தொர்தீயா எங்கும் கிடைக்கும். மெக்சிகோக்காரர்களின் ரொட்டி அல்ல, கனமான முட்டை அடை.

வெறும் தொர்தீயாவையே தின்றுகொண்டிருந்த எனக்கு, கூட வேலை பார்க்கும் மூத்த வெல்டர் ஒருவர் காஸ்தோ பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் தொழிலாளிகள் சாண்ட்விச்சை வீட்டிலிருந்தே கொண்டுவருவார்களாம். கடைக்காரரிடம் கடலை, ஆலிவ், குடிக்க ஒன்று, காப்பி இவற்றை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். அதுதான் காஸ்தோ. இன்றைக்கும் சில கடைகளில் இது உண்டு, முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று பலகை தொங்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. மறுநாளே மனைவி கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்த உருளைக்கிழங்குப் பொடிமாஸைப் பாதி ரொட்டியில் அடைத்துக் கொடுத்தார். மேசையில் பிரித்ததும் நாலு பேர் கை நீட்டினார்கள். வெல்டர் தன் கணவாயில் பாதியை வெட்டி என் தட்டில் வைத்தார். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த பாரிலும் இதே ஏற்பாடுதான்.

நாங்கள் குடியிருப்பது கதர்ரோஹாவில். 2024 அக்டோபர் 29 இரவு போயோ ஓடை பெருகி வந்தபோது எங்கள் தெருவும் மூழ்கியது. வலென்சியா மாகாணத்தில் மட்டும் 220க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளம் அது. நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்ததால் பிழைத்தோம். கீழே பாரில் கல்லா மேடைக்கு மேல் தண்ணீர் நின்றது. மறுநாள் காலை மேசையும் நாற்காலியும் சேற்றோடு தெருவில் கிடந்தன. நகரத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் துடைப்பமும் மண்வெட்டியுமாக நடந்தே வந்தார்கள். சமையல் நிபுணர் ஹோசே ஆந்த்ரேஸின் வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் என்ற நிவாரண அமைப்பின் ஆட்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சாண்ட்விச்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத நாட்களில் எங்கள் வயிற்றை நிரப்பியது பெரும்பாலும் அதுதான். பத்து மணியானதும் யாராவது கை தட்டுவார்கள். சேற்றுக் காலோடு எல்லோரும் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைகள் மேல் உட்காருவோம். அந்த நிலைமையிலும் ஒருவர் எங்கிருந்தோ ஒரு பை கடலை கொண்டுவந்தார். பார்க்கார அம்மாவின் காப்பி மெஷினைத் தூக்கி வெளியே வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு கடையை மறுபடி திறந்தபோது, பலகையில் தொர்தீயாவுக்குக் கீழே “மூன்றாம் மாடி உருளைக்கிழங்கு” என்று எழுதியிருந்தார். என் மனைவியிடம் தாளிப்பைக் கற்றுக்கொண்டு அவரே செய்கிறார். கறிவேப்பிலை மட்டும் எங்கள் வீட்டிலிருந்து போகிறது.

புதிதாக வருபவர்கள் நகரத்துக்குள்ளேயே பழக வேண்டுமானால் கடலோரம் மீனவர்கள் குடியிருந்த கபன்யால் பகுதிக்குப் போங்கள். அங்கே லா பஸ்குவாலா 1921இலிருந்து நடக்கிறது. ஒரு சாண்ட்விச் இரண்டு பேருக்குக் காணும், வரிசையும் நீளம். 1928இல் திறந்த மத்தியச் சந்தைக்குள் சமையல் நிபுணர் ரிகார்ட் கமரேனாவின் பார் இருக்கிறது. இடம் சிறியது, விலை சற்றுக் கூட. சாதாரணக் கடைகளில் கடலையிலிருந்து காப்பி வரை சேர்த்து ஏழெட்டு யூரோவுக்குள் முடிந்துவிடும், டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சாப்பிட முடியாத மிச்சத்தைக் கேட்டால் அலுமினியத் தாளில் சுற்றித் தருவார்கள். சனிக்கிழமை என்றால் ஒன்பதரைக்குள் போய்ச் சேருங்கள். பதினொன்றரை தாண்டினால் சமையலறை மதியச் சாப்பாட்டு வேலைக்கு மாறிவிடும்.